பிளிட்ஸ் அனுப்பினால் பாஸ் ரஷ் வந்துவிடுமா? (டான் பிரவுன் முதல் ஜிம் நோல்ஸ் வரை)

அரவிந்தன்_ஆன்ஆர்பர்:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நடக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே ஒரே புலம்பல். "மூன்றாவது டவுன், எட்டு யார்டு வேண்டும், நம்ம ஆள் ஏன் நான்கு பேரை மட்டும் அனுப்புகிறார்? பிளிட்ஸ் அனுப்பினால் குறைந்தா போய்விடுவார்?" இந்தப் பேச்சுக்கென்றே ஒரு இழை இருக்கட்டும் என்று தொடங்குகிறேன். புதியவர்களுக்கு: பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். பந்தை எறிபவர் குவாட்டர்பேக், பிடிப்பவர் ரிசீவர். எறியும் முன் குவாட்டர்பேக்கை நெருக்குவது பாஸ் ரஷ், அதற்கு நான்கு பேருக்கு மேல் அனுப்புவது பிளிட்ஸ், பந்தோடு அவரை வீழ்த்தினால் சாக்.

என்ன குறையும் என்று மிஷிகன் ரசிகர்களைக் கேளுங்கள். 2016 முதல் 2020 வரை எங்கள் டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டவர் டான் பிரவுன். பட்டப்பெயரே 'டாக்டர் பிளிட்ஸ்'. ஐந்து பேர், ஆறு பேர் என்று குவாட்டர்பேக் மேல் ஏவிவிட்டு, பின்னால் ஆளுக்கு ஆள் மேன் கவரேஜ். 2018 நவம்பரில் ஓஹியோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்குப் போனபோது யார்டு கணக்கில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த டிஃபென்ஸ் எங்களுடையதுதான். ஆட்டம் முடிந்தபோது ஓஹியோ ஸ்டேட் 62, மிஷிகன் 39. அவர்கள் குவாட்டர்பேக் ட்வெய்ன் ஹாஸ்கின்ஸ் 396 யார்டு, 6 டச்டவுன். அடுத்த வருடம் எங்கள் ஊரிலேயே 56-27.

நடந்தது ஒன்றும் மர்மம் இல்லை. இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து குறுக்கே ஓடி, நடுவில் தோளோடு தோள் உரசுவது போலக் கடப்பார்கள். மெஷ் என்பார்களே, அதுதான். மேன் கவரேஜில் இருக்கும் கார்னர், அதாவது ரிசீவரைத் தொடரும் ஓரக் காவலர், அந்த நெரிசலில் ஒரு எட்டு தாமதிப்பார், ரிசீவர் அந்த ஒரு எட்டில் பிரிந்துவிடுவார். பந்து கைக்கு வந்த பிறகு அவரை மறிக்க நடுக்களத்தில் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் பிளிட்ஸுக்கு அனுப்பிவிட்டோமே! பாரிஸ் கேம்ப்பெல் மாதிரி வேகக்காரர் ஐந்து யார்டில் பிடித்து ஐம்பது யார்டு ஓடினார்.

கணக்கு எளிது. டிஃபென்ஸில் 11 பேர். பந்து பிடிக்கத் தகுதியுள்ளவர்கள் எதிரில் 5 பேர். ஆறு பேரை அனுப்பினால் மிச்சம் 5, ஒருவருக்கு ஒருவர். யாராவது வழுக்கி விழுந்தால் பின்னால் காப்பாற்ற ஆள் கிடையாது. அதுதான் கவர் 0. ஐந்து பேரை அனுப்பினால் ஒரு சேஃப்டி, அதாவது ஆழத்தில் நிற்கும் கடைசிக் காவலர், மிஞ்சுவார். நான்கு பேரை மட்டும் அனுப்பி, அந்த நான்கு பேரே குவாட்டர்பேக்கைத் தொந்தரவு செய்தால் பின்னால் 7 பேர்.

2021 இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் பால்டிமோர் ரேவன்ஸிலிருந்து மைக் மக்டானல்ட் டிஃபென்ஸ் பயிற்சியாளராக வந்தார். ஆறு பேர் வருவது போலக் காட்டி நான்கு பேரை அனுப்பினார். அந்த வருடம் ஓஹியோ ஸ்டேட்டை 42-27 என்று அடித்தோம். ஜெஸ்ஸி மின்டர் அதே பாடத்தைத் தொடர்ந்தார், 2023 இல் 15-0, தேசிய சாம்பியன். என் கட்சி இதுதான்: பாஸ் ரஷ் வேண்டும் என்றால் ஆட்களைக் கூட்டாதீர்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்பதை மறையுங்கள்.

---

கொலம்பஸ்_முத்து:

அரவிந்தா, இழை தொடங்கிய இரண்டாவது பத்தியிலேயே 62-39 என்று எழுதினாய் பார், அதற்கு ஒரு கும்பிடு.

ஆனால் 2021 இல் எங்களை அடித்தது திட்டமா, ஏய்டன் ஹட்சின்சனா? அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் 3 சாக். அந்த சீசனில் 14. மறுபக்கம் டேவிட் ஒஜாபோ 11. ஒருவர், என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். மற்றவர் நைஜீரியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்து, அமெரிக்கா வந்து பள்ளியின் கடைசி வருடங்களில்தான் இந்த ஆட்டத்தையே தொட்டவர். இப்படி இரண்டு பேர் இரண்டு ஓரத்திலும் இருந்தால் நான்கூட நான்கு பேரை அனுப்பிவிட்டு சும்மா நிற்பேன். டான் பிரவுனுக்கு அந்த ஜோடி ஒரே வருடத்தில் இப்படி வாய்க்கவில்லை.

பிளிட்ஸால் பட்ட சூடு எங்களுக்கும் உண்டு, மறைக்கவில்லை. 2022, டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜிம் நோல்ஸ் எங்களிடம் வந்த முதல் வருடம். மிஷிகன் ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கிறோம், மூன்றாவது டவுன், 9 யார்டு. கூட்டமாக ஆளை அனுப்பினார். மிஷிகனின் கார்னேலியஸ் ஜான்சன் குட்டி பாஸ் ஒன்றைப் பிடித்தார், அவரை வீழ்த்தும் ஒரு முயற்சி தவறியது, 69 யார்டு. பின்னால் ஒரு குருவிகூட இல்லை. 45-23 என்று தோற்றோம்.

---

டல்லஸ்_ஹரி:

நான் இந்த ஆட்டத்துக்குப் புதிது, டெக்சஸ் ரசிகன். பிளிட்ஸ் என்றால் நான்கு பேருக்கு மேல் அனுப்புவது, பாஸ் ரஷ் என்றால் குவாட்டர்பேக்கை நெருக்குவது, இதுவரை சரிதானே? ஆறு பேர் வருவது போலக் காட்டி நான்கு பேரை அனுப்பினால் என்ன லாபம்? குவாட்டர்பேக்கைக் காக்க ஐந்து லைன்மேன், கூடவே பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஒருவர், ஆறு பேர் மறிக்க நிற்கிறார்கள். நான்கு பேரை மறிக்க ஆறு பேர் தாராளம்தானே?

கிரிக்கெட்டில் நான்கு ஸ்லிப் வைத்தால் தேர்டு மேன் காலியாகும், அது மாதிரி என்று நினைத்துக்கொள்ளவா?

---

ஹூஸ்டன்_மாலா:

ஹரி, அதேதான். ஆனால் இங்கே ஸ்லிப்பில் நின்றவர் பந்து கிளம்பும் நொடியில் தேர்டு மேனுக்கு ஓடியிருப்பார், பேட்ஸ்மேனுக்கு அது தெரியாது.

ஆறு பேர் தாராளம்தானே என்று கேட்டீர்கள். ஆறு பேரும் சரியான பக்கத்தில் நின்றால் தாராளம். ஒரு ஸ்னாப்பை, அதாவது லைனின் நடுவில் இருக்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் கிளம்புவதை, மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

மூன்றாவது டவுன், 8 யார்டு. லைனில் டிஃபென்ஸின் மூன்று பெரிய ஆட்கள்: இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு எண்டு, நடுவில் சற்று வலப்பக்கம் தள்ளி ஒரு டேக்கிள். (வலம், இடம் எல்லாம் குவாட்டர்பேக் பார்வையில்.) வழக்கமாக லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் இருவர் முன்னால் வந்து சென்டரின் இரண்டு தோளுக்கும் நேரே, கையால் தொடும் தூரத்தில் குந்தி நிற்கிறார்கள். வலப்பக்கம் நிக்கல், அதாவது ஐந்தாவது டிஃபென்ஸிவ் பேக், ஸ்லாட் ரிசீவருக்கு (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் இடையில் நிற்பவர்) எதிரில். மொத்தம் ஆறு பேர் வரலாம் போலத் தெரிகிறது.

சென்டர் இப்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். விரலை நீட்டி ஒரு லைன்பேக்கரைக் காட்டுவார். "அவர் எங்கள் கணக்கு" என்று அர்த்தம். சென்டர், அவர் பக்கத்தில் இடது கார்டு, அதற்கு வெளியே இடது டேக்கிள் (டிஃபென்ஸின் டேக்கிள் வேறு ஆள்) மூன்று பேரும் இடப்பக்கம் சரிந்து வருகிறவர்களை மறிப்பார்கள். வலது கார்டுக்கு எதிரே டிஃபென்ஸின் டேக்கிள், வலது டேக்கிளுக்கு எண்டு. மிச்சம் இருக்கும் வலது லைன்பேக்கர், நிக்கல் இருவரையும் ரன்னிங் பேக் ஒருவரே பார்க்க வேண்டும்: முதலில் உள்ளே, அவர் வராவிட்டால் வெளியே.

ஸ்னாப். இடது எண்டு இரண்டு அடி முன்வைத்துவிட்டுப் பின்வாங்கி ஸோனுக்குள் போகிறார், ஆளை அல்ல, ஒரு இடத்தைக் காக்க. இடது லைன்பேக்கரும் பின்வாங்குகிறார். வலப்பக்கத்திலிருந்து எண்டு, டேக்கிள், லைன்பேக்கர், நிக்கல் நான்கு பேரும் வருகிறார்கள். இடப்பக்கத்தில் மூன்று பெரிய உடம்புகள் காற்றை மறித்துக்கொண்டு நிற்கின்றன. வலப்பக்கத்தில் நான்கு பேருக்கு எதிரே மூன்று பேர். ரன்னிங் பேக் லைன்பேக்கரை எடுத்தால் நிக்கல் சும்மா நடந்து வரலாம். சென்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். பின்னால் ஏழு பேர் கவரேஜில், அதுவும் குவாட்டர்பேக் அவசரமாக எறிய நினைக்கும் இடத்தில் ஸோனுக்குப் போன அந்த எண்டு நிற்கிறார்.

இதைத்தான் சிமுலேட்டட் பிரஷர் என்கிறார்கள். வருவது நான்கே பேர், ஆனால் அதில் ஒருவராவது லைனில் கை ஊன்றாதவர்.

---

டல்லஸ்_ஹரி:

மாலா அக்கா, இந்தப் பதிவை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டப் போகிறேன்.

---

ஏம்ஸ்_சாமி:

மாலா சொன்னது அழகு. ஆனால் அந்த நாடகத்தை நடத்த ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. எண்டாக நிற்கும் 120 கிலோ ஆசாமி பின்வாங்கி ஸோனில் ஓடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நிக்கல் பையனுக்கு ஸ்னாப் நேரம் தெரிந்திருக்க வேண்டும். மிஷிகனுக்கும் ஓஹியோ ஸ்டேட்டுக்கும் அப்படிப்பட்டவர்கள் வரிசையில் நிற்பார்கள். மற்ற நூறு சொச்சம் கல்லூரிகள் என்ன செய்யும்?

அரவிந்தனுக்கு டான் பிரவுன் மேல் கோபம் இருக்கலாம். ஆனால் அவர் மிஷிகனுக்கு வரும் முன் 2015 இல் பாஸ்டன் காலேஜில் இருந்தார். பெரிய பெயர் எதுவும் இல்லாத அணி. யார்டு கணக்கில் நாட்டிலேயே முதலிடத்து டிஃபென்ஸ். பிளிட்ஸ் இல்லாமல் அந்தப் பிள்ளைகளை வைத்து அது நடந்திருக்குமா? நான்கு பேரால் நெருக்க முடியாதவர்தான் ஐந்தாவது ஆளைத் தேடுகிறார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது எங்கள் ஊர் வழி. ஐயோவா ஸ்டேட்டின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜான் ஹேகாக் நேர் எதிராக யோசித்தார்: மூன்று பேரை மட்டும் அனுப்பி எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்து. ஆழத்தில் மூன்று சேஃப்டி. 2017 அக்டோபரில் நார்மனுக்குப் போய் 3-ஆம் இடத்தில் இருந்த ஒக்லஹோமாவை 38-31 என்று சாய்த்தார்கள். எதிரில் குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த வருடம் வாங்கியவர். 31 புள்ளி கொடுத்ததைச் சாதனை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒக்லஹோமாவை அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆறு பேர் பிளிட்ஸால் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

அரவிந்தன்_ஆன்ஆர்பர்:

சாமி சார், அந்த 2015 பாஸ்டன் காலேஜ் முடித்தது 3-9. அவர்கள் ஆடும் ஏசிசி லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த ஒஃபென்ஸுக்கு நோபல் பரிசே கொடுக்கலாம், அது வேறு கதை. டிஃபென்ஸ் நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் உதாரணமே என் பக்கம்தான் வருகிறது. பிரவுனின் முறை தன்னைவிட வேகம் குறைந்த ரிசீவர்களிடம் அபாரமாக வேலை செய்தது. வருடத்தில் பதினொரு ஆட்டம் கூர்மையாக இருந்தது. பன்னிரண்டாவது ஆட்டம் ஓஹியோ ஸ்டேட். அங்கே ரிசீவர் எல்லோரும் நம் கார்னரைவிட வேகம். மேன் கவரேஜில் வேகம் தோற்றால் பிளிட்ஸ் சேர்ந்தே தோற்கிறது.

முத்து, ஹட்சின்சன் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்றாய். 2023 அணியைப் பார். ஒருவர்கூட இரட்டை இலக்கத்தில் சாக் எடுக்கவில்லை. ஓரத்தில் நான்கு பேர் மாறி மாறி இறங்கினார்கள், நடுவில் மேசன் கிரஹம், கென்னத் கிரான்ட், கிறிஸ் ஜென்கின்ஸ். சீசன் முடிவில் நடக்கும் ரோஸ் பவுலில் அலபாமா குவாட்டர்பேக் ஜேலன் மில்ரோவை 6 முறை சாக் செய்தார்கள். அவர் ஓடினால் மான் மாதிரி, பிடிக்க முடியாது என்பதால் கண்மூடித்தனமாக யாரும் பாயவில்லை. இரண்டு ஓரமும் அவருடைய ஆழத்துக்கு மேல் போகாமல் வேலி மாதிரி நின்றார்கள், நடுவிலிருந்து நெருக்கினார்கள்.

---

கொலம்பஸ்_முத்து:

2022 டிசம்பர் 31, ஃபியஸ்டா பவுல், மிஷிகனுக்கு எதிராக டிசியூ 51. அதே மின்டர், அதே பாடம். சும்மா நினைவூட்டினேன்.

---

அரவிந்தன்_ஆன்ஆர்பர்:

அந்த 51 இல் இரண்டு டச்டவுன் எங்கள் குவாட்டர்பேக் எதிராளி கையில் எறிந்து கொடுத்தது. அதையும் டிஃபென்ஸ் தலையில் கட்டுவாயா?

---

கணக்குப்பிள்ளை:

குறுக்கே வருகிறேன். இரண்டு பேரும் சாக் எண்ணிக்கையைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். பாஸ் ரஷ்ஷை அளக்க அது மோசமான அளவுகோல்.

2024 ஜனவரி 8, ஹூஸ்டனில் மிஷிகனும் வாஷிங்டனும் மோதிய இறுதி ஆட்டம். வாஷிங்டனின் லைன் அந்த சீசனில் ஜோ மூர் விருது வாங்கியது, நாட்டின் சிறந்த ஒஃபென்ஸிவ் லைன் என்று. அவர்கள் குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் 51 முறை எறிந்து 27 மட்டும் சேர்ந்தது, 255 யார்டு, 2 இன்டர்செப்ஷன் (எதிராளி பிடித்தவை). சாக் கணக்கில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அவர் கால் ஊன்றி எறிய விடாமல் ஒவ்வொரு முறையும் யாராவது முகத்துக்கு முன் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்து நின்ற ஆளுக்கே பந்து தவறிப்போனது. சீசன் முழுக்க ஆழமாக எறிந்து பழகிய கை அது.

இன்னொரு கூத்து. என்எஃப்எல்லில் சாக்கால் இழந்த யார்டு பாஸ் கணக்கில் கழியும். கல்லூரி ஆட்டத்தில் அது ரன் கணக்கில் கழியும். அதனால் "எங்கள் டிஃபென்ஸ் ஓட்டத்துக்கு 70 யார்டுதான் விட்டது" என்று யாராவது மார்தட்டினால், அதில் நான்கு சாக்கின் 30 யார்டு கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய சாதனைகளையும் இதே எச்சரிக்கையோடு படியுங்கள். ஒரு சீசனில் அதிக சாக் என்றால் அரிசோனா ஸ்டேட்டின் டெரெல் சக்ஸ், 2002 இல் 24. ஆனால் அலபாமாவின் டெரிக் தாமஸ் 1988 இல் 27 எடுத்தார். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 2000 இல்தான் என்பதால் அவர் பட்டியலில் இல்லை.

---

ஹூஸ்டன்_மாலா:

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு மறுபக்க உதாரணம் என் அணியிடமே இருக்கிறது. 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ், என் எல்எஸ்யூவும் (லூசியானா ஸ்டேட்) கிளெம்சனும். அன்றைக்கு கிளெம்சன் எங்கள் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவை 5 முறை சாக் செய்தது. ஆனாலும் 42-25 என்று தோற்றது.

கிளெம்சனின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் பிரென்ட் வெனபிள்ஸ் ஆட்டத்தின் தொடக்கத்தில் எங்களைத் திணறடித்தார். லைனில் மூன்று பேர், மற்றவர்கள் எல்லாம் நின்றுகொண்டு நடமாடுகிறார்கள். யார் வருவார், யார் போவார் என்று ஸ்னாப் வரை தெரியாது. எல்எஸ்யூ அந்த வருடம் அவ்வளவு தடுமாறிப் பார்த்ததே இல்லை. இரண்டாவது கால் பகுதியில் கிளெம்சன் 17-7 முன்னிலை.

அதற்கப்புறம் பர்ரோ படித்துவிட்டார். ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்தால் ஓரத்தில் ரிசீவர் ஜமார் சேஸ் தனி ஆள். ஒரு கார்னர், பின்னால் உதவி இல்லை. பந்தை உயரமாகத் தூக்கி அங்கே போட்டார். சேஸ் 221 யார்டு. பர்ரோ 463 யார்டு, 5 டச்டவுன். அடி வாங்கிக்கொண்டே எறிந்தார். இடைவேளைக்குள் 28-17.

நாடகம் எல்லாம் முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடும். நல்ல குவாட்டர்பேக் இருந்தால் பிறகு அவரே அதை இயக்கத் தொடங்கிவிடுவார். அப்போது கையில் என்ன மாற்றுச் சீட்டு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

---

ஏம்ஸ்_சாமி:

எல்எஸ்யூ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த "லைன்மேன் பின்வாங்கட்டும், லைன்பேக்கர் வரட்டும்" யோசனைக்கு உங்கள் அணியில் ஒரு வேர் இருக்கிறது. 1984 முதல் 1986 வரை எல்எஸ்யூவின் தலைமைப் பயிற்சியாளர் பில் ஆர்ன்ஸ்பார்கர். மயாமி டால்ஃபின்ஸில் இருந்தபோதே இதைச் சின்ன அளவில் செய்து பார்த்தவர். என்எஃப்எல்லின் சின்சினாட்டி அணியில் பயிற்சியாளராக இருந்த டிக் லபோ, பிளிட்ஸும் வேண்டும், பின்னால் காலியாகவும் இருக்கக் கூடாது, என்ன வழி என்று அவரைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸோன் பிளிட்ஸ்: ஐந்து பேர் வருவார்கள், பின்னால் ஆழத்தில் மூன்று, நடுவில் மூன்று. மக்டானல்ட் செய்தது அதிலிருந்து இன்னும் ஒரு ஆளைக் குறைத்தது, அவ்வளவுதான்.

---

கொலம்பஸ்_முத்து:

சாமி சார், டிக் லபோ எந்தக் கல்லூரியில் ஆடினார் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஓஹியோ ஸ்டேட். 1957 சாம்பியன் அணி. மிஷிகன்காரர்கள் நன்றியை இங்கேயே தெரிவிக்கலாம்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். அரவிந்தன் "ஆட்களைக் கூட்டாதே" என்கிறான். 2024 இல் எங்களுக்கு நடந்தது அதற்கு நேர்மாறு.

அக்டோபர் 12, யூஜீனில் ஓரிகனிடம் 32-31 என்று தோற்றோம். அவர்கள் குவாட்டர்பேக் டிலன் கேப்ரியலை ஒரு முறைகூட சாக் செய்யவில்லை. நான்கு பேர் நேராகப் போனார்கள், அவர் நிதானமாக எறிந்தார். ஜேடி டுயிமொலாவ், ஜாக் சாயர், டைலீக் வில்லியம்ஸ் எல்லாம் லைனில் இருந்தும்! அடுத்த வாரம் ஆட்டம் இல்லாத வாரம். அந்த இடைவெளியில் நோல்ஸ் உட்கார்ந்து மாற்றினார். லைன்பேக்கர்களை அதிகம் அனுப்பினார், எண்டுகளை உள்ளே வெளியே என்று ஸ்டண்ட் செய்ய விட்டார், சேஃப்டி கேலெப் டவுன்ஸை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்தினார். அதற்குப் பிறகு 10 ஆட்டம். யாரும் 23 புள்ளியைத் தாண்டவில்லை. சீசன் முடிவில் 53 சாக், நாட்டிலேயே அதிகம்.

ரோஸ் பவுலில் அதே ஓரிகன், அதே கேப்ரியல். 8 சாக். 41-21. நீ சொல்கிற "நான்கே போதும்" அக்டோபரில் இருந்தது, ஜனவரியில் இல்லை.

---

அரவிந்தன்_ஆன்ஆர்பர்:

ஸ்டண்ட் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஸ்டண்ட் பிளிட்ஸ் இல்லை. டேக்கிள் வெளியே வெட்ட, எண்டு அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே நுழைகிறார். ஆள் எண்ணிக்கை அதே நான்கு. டவுன்ஸை நகர்த்தியதும் மறைப்பதுதான். நோல்ஸ் மாறியது ஆள் கணக்கில் கொஞ்சம், மறைப்பதில் நிறைய.

---

கொலம்பஸ்_முத்து:

அந்தக் 'கொஞ்சம்' இல்லாமல் மறைப்பு வேலை செய்யாது என்கிறேன். லைன்பேக்கர் ஒருபோதும் வரமாட்டார் என்று தெரிந்தால் சென்டர் அவரைப் பார்த்து ஏன் பயப்படப் போகிறார்? பொய்யை நம்ப வைக்க நடுநடுவே உண்மையாகவே ஆறு பேரை அனுப்ப வேண்டும். விலை கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

---

ஹூஸ்டன்_மாலா:

இதில் நான் முத்து கட்சி. மிஷிகனும் 2023 இல் சமயம் பார்த்து உண்மையான பிளிட்ஸை அனுப்பத்தான் செய்தது. அரவிந்தன் அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

---

டல்லஸ்_ஹரி:

அண்ணே, 2025 ஜனவரி 10 பற்றி யாரும் பேசமாட்டீர்களா? எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டன் பவுல், ஓஹியோ ஸ்டேட்டுக்கு எதிராக. நாங்கள் 21-14 பின்தங்கியிருக்கிறோம். கோல் லைனுக்கு ஒரு யார்டு, நான்கு டவுன் கையில். கடைசியில் எங்கள் குவாட்டர்பேக் குயின் ஈவர்ஸை ஜாக் சாயர் அடித்துப் பந்தைத் தட்டி, அவரே பொறுக்கி 83 யார்டு ஓடினார். அது பிளிட்ஸா?

---

கொலம்பஸ்_முத்து:

ஹரி தம்பி, ஆறுதல். அந்த அடிக்கு மூலம் இரண்டாவது டவுன். ஒரு யார்டில் இருந்துகொண்டு ஓரத்துக்கு டாஸ் (ஓடுபவருக்குப் பக்கவாட்டில் பந்தை எறிவது) கொடுத்தீர்கள், 7 யார்டு நஷ்டம். ஒரு யார்டு தூரத்தில் இருக்கும்வரை ஓட்டமும் பாஸும் இரண்டும் சாத்தியம், சாயர் கண்ணை மூடிக்கொண்டு பாய முடியாது. 8 யார்டு ஆனதும் ஓட்டம் கணக்கிலேயே இல்லை. நான்காவது டவுனில் அவருக்கு ஒரே வேலை: காதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஓரத்தில் தன் டேக்கிளைத் தாண்டுவது. தாண்டினார். அதற்கு எந்த மறைப்பும் தேவைப்படவில்லை, வெறும் ஆள் பலம்.

இதில் கொடுமை, சாயரும் ஈவர்ஸும் 2021 இல் கொலம்பஸில் ஒரே அறைவாசிகள்.

---

ஏம்ஸ்_சாமி:

முத்து சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றாவது டவுன் பிளிட்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அதற்கு முன் முதல் டவுனில் நடப்பதைப் பேசவில்லை.

முதல் டவுனில் பிளிட்ஸ் அனுப்புவது கல்லூரி ஆட்டத்தில் என்எஃப்எல்லைவிட ஆபத்து. காரணம் ஆர்பிஓ, ஓட்டமா பாஸா என்று குவாட்டர்பேக் ஸ்னாப்புக்குப் பிறகு தீர்மானிக்கும் ஆட்டம். கல்லூரி விதிப்படி பந்து எறியப்படும் முன் லைன்மேன் 3 யார்டு வரை முன்னேறலாம். என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டு வித்தியாசத்தில் லைன் முழுக்க ஓட்டத்துக்கு மறிப்பது போலவே இருக்கும், குவாட்டர்பேக் ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்ப்பார். அவர் பாய்ந்தால், அவர் விட்டுப்போன இடத்தில் ஸ்லான்ட், அதாவது உள்ளே சாய்ந்து வெட்டும் ரிசீவருக்குக் குட்டி பாஸ். பிளிட்ஸ் வந்தவர் பாதி வழியில் இருக்கும்போதே பந்து தலைக்கு மேல் போய்விடும்.

அடுத்தது ஹாஷ் கோடுகள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்தை இந்தக் கோடுகளின் மேலோ இடையிலோதான் வைப்பார்கள். கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷுக்கும் இடையே 40 அடி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் பந்து பெரும்பாலும் ஒரு ஓரமாகவே இருக்கும். ஒரு பக்கம் 20 யார்டு, மறுபக்கம் 33 யார்டு. குறுகிய பக்கத்தில் கார்னருக்கும் குவாட்டர்பேக்குக்கும் தூரம் குறைவு, அங்கே ரிசீவர்களும் குறைவு. அந்தப் பக்கத்திலிருந்து பிளிட்ஸ் அனுப்புவது மலிவு. குவாட்டர்பேக் தப்பி எறிய நினைத்தால் அகலமான பக்கத்துக்கு எறிய வேண்டும், பந்து வெகுதூரம் காற்றில் இருக்கும். தொலைக்காட்சியில் பந்து எந்த ஹாஷில் இருக்கிறது என்று பாருங்கள், எந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

---

டல்லஸ்_ஹரி:

தொலைக்காட்சியில் பார்ப்பது பற்றி இன்னும் சொல்லுங்கள். கேமரா பந்தைத்தான் காட்டுகிறது, சேஃப்டி திரைக்கு வெளியே இருக்கிறார்.

---

ஹூஸ்டன்_மாலா:

பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்னாப்புக்கு முன் சென்டரின் விரல், ரன்னிங் பேக் எந்தப் பக்கம் நிற்கிறார், நிக்கலின் கால். வருகிற நிக்கல் பெரும்பாலும் ஸ்லாட் ரிசீவரை நேராகப் பார்க்காமல் உள்பக்கமாக உடம்பைச் சாய்த்திருப்பார். அனுபவசாலி என்றால் அதையும் மறைப்பார். திரையின் மேல் ஓரத்தில் சேஃப்டி ஒருவர் திடீரென ஸ்லாட் ரிசீவருக்கு மேலே இறங்கி வந்தால், கீழே நிற்பவர் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். அவர் இடத்தை நிரப்பத்தான் மேலே இருப்பவர் வருகிறார்.

2024 முதல் பெரிய கல்லூரி ஆட்டங்களில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது, களத்தில் ஒரு பக்கத்துக்கு ஒருவருக்கு. ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் (பிளே கிளாக்) 15 நொடி இருக்கும்போது தொடர்பு அறுந்துவிடும். கெட்டிக்கார டிஃபென்ஸ் அதற்கப்புறம்தான் நகரத் தொடங்கும்; குவாட்டர்பேக்குக்கு மேலிருந்து யாரும் சொல்லித்தர முடியாது.

---

கொலம்பஸ்_முத்து:

ரேடியோ வருவதற்கு முன் சைகையால் சொன்னார்கள். அந்தச் சைகைகளை மிஷிகனின் ஊரான ஆன்ஆர்பரில் சிலர் மிகுந்த ஈடுபாட்டோடு படித்ததாகக் கேள்வி.

---

மட்டுறுத்துநர்:

சைகை விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, பூட்டியும் கிடக்கிறது. இங்கே வேண்டாம். முத்து, இது உங்களுக்குத்தான்.

---

டல்லஸ்_ஹரி:

மாலா அக்கா சொன்னபடி ரோஸ் பவுலின் 8 சாக்கையும் மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். பல அணிகளில் புதிதாக வந்த ரன்னிங் பேக் பந்தைக் கொடுத்தால் பிரமாதமாக ஓடுகிறார், ஆனால் மூன்றாவது டவுனில் அவரை வெளியே எடுத்துவிட்டு வயதில் மூத்த, வேகம் குறைந்த ஒருவரை இறக்குகிறார்கள். பிளிட்ஸ்தான் காரணமா?

---

ஏம்ஸ்_சாமி:

அதேதான் தம்பி. மாலா எழுதிய ஸ்னாப்பில் உள்ளே பார், வெளியே பார் என்று இரண்டு பேருக்குப் பொறுப்பாக நின்றது யார்? அந்தப் பையன்தான். பள்ளியில் எல்லா ஆட்டத்திலும் பந்தை அவன் கையில் கொடுத்தே பழக்கியிருப்பார்கள், யாரையும் மறித்திருக்கவே மாட்டான். இங்கே 105 கிலோ லைன்பேக்கர் நான்கு எட்டு ஓடி வேகம் எடுத்து வருகிறார், அவரை நெஞ்சுக்கு நேரே நின்று வாங்க வேண்டும். வாங்குவதுகூடப் பழகிவிடும். யாரை வாங்குவது என்று அரை நொடியில் தீர்மானிப்பதுதான் வருடக்கணக்கில் பிடிக்கும். பயிற்சியாளர் அவன் ஓடுவதைப் பார்த்து இறக்கமாட்டார், குவாட்டர்பேக்கின் முதுகை நம்பி ஒப்படைக்கலாம் என்று தோன்றும்வரை காத்திருப்பார்.

எதிரணி டிஃபென்ஸும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மூன்றாவது டவுனில் சின்னப் பையன் உள்ளே நிற்கிறான் என்றால் அவன் நிற்கும் பக்கத்துக்குத்தான் இரண்டு பேரை அனுப்புவார்கள்.

---

அரவிந்தன்_ஆன்ஆர்பர்:

ஹரி, ரோஸ் பவுல் முடிந்ததும் 2021 மிஷிகன்-ஓஹியோ ஸ்டேட் ஆட்டத்தையும் ஓட்டுங்கள். ஹட்சின்சனின் மூன்று சாக்கிலும் மற்ற மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முத்துவை அழைக்க வேண்டாம், அவர் அந்த ஆட்டத்தைப் பார்ப்பதில்லை.

---

கொலம்பஸ்_முத்து:

பார்க்கிறேன். முதல் கால் பகுதி வரை.